காவிரிப் படுகையில் நடக்கும் த்ரில்லர் நாவல்: தகவல் பிழைகளைக் களையும் முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் பக்கம் நடப்பதாக எழுதப்படும் மர்ம நாவல்களை அச்சுக்குப் போகுமுன் வாசித்து, தகவல் பிழைகளைக் குறித்துக் கொடுக்கும் வேலையைச் செய்து வருகிறேன். புதிதாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். துப்பாக்கி, விஷம், தடயவியல் பற்றியெல்லாம் தேடித் தேடிப் படிக்கிறார்கள். கதை எந்தத் தேதியில் நடக்கிறது என்பதை மட்டும் முடிவு செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

டெல்டாவில் தேதி தெரியாமல் எதையும் சரிபார்க்க முடியாது. ஆற்றில் தண்ணீர் ஓடுமா, வயலில் நாற்று நிற்குமா கதிர் நிற்குமா, வழக்கு எந்தப் பிரிவில் பதிவாகும், அந்த ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கும் என எல்லாவற்றையும் தேதிதான் முடிவு செய்கிறது. அதனால் கீழுள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் வரைவு முழுதாக முடிந்திருக்க வேண்டும். பாதி எழுதியபோதே சரிபார்க்க உட்கார்ந்தால் தகவல் சேகரிப்பில் மனம் போய்க் கதை நின்றுவிடும். கடைசி வரைவு வரை தள்ளிப்போட்டாலும் ஆபத்துதான். அப்போது மாற்றங்களுக்குக் கை வராது.

கதை நடக்கும் ஆண்டின் பஞ்சாங்கம் வேண்டும். அமாவாசைக்கு மறுநாள் இரவில் ‘நிலவொளியில் அவன் முகம் தெரிந்தது’ என்று எழுதியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆறுகளும் கிளை வாய்க்கால்களும் பெயரோடு உள்ள வட்ட வரைபடம் வேண்டும். அந்த ஆண்டின் நாளிதழ்களைப் பார்க்க ஒரு நூலகமோ மின்தொகுப்போ வேண்டும்.

பிறகு ஒரு நோட்டு. பக்க எண், நாவல் சொல்லும் தகவல், அதை உறுதி செய்தது யார் அல்லது எது, தகவல் பொய்யானால் கதையில் எது சரியும் என்று நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) போட்டுக்கொள்ளுங்கள். நான்காவது பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எந்தத் தகவலுக்கு எவ்வளவு நேரம் செலவிட வேண்டும் என்பதை அந்தப் பத்திதான் காட்டும்.

2. தேதியையும் ஊரையும் நிலைநிறுத்துதல்

நாவலில் ஆண்டைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் சம்பவம் எந்த நாள், கடைசி அத்தியாயம் எந்த நாள் என்று எழுதி, இடைப்பட்ட ஒவ்வொரு காட்சிக்கும் தேதியும் நேரமும் கொடுங்கள்.

அடுத்து ஊர். இன்று தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை என்று பிரிந்திருப்பவை முன்பு ஒரே தஞ்சாவூர் மாவட்டம். நாகப்பட்டினம் 1991-லும், திருவாரூர் 1997-லும், மயிலாடுதுறை 2020-லும் தனி மாவட்டங்களாயின. 1985-இல் நடக்கும் கதையில் ‘நாகை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்’ வந்தால் அந்தப் பக்கத்தோடு டெல்டா வாசகர் நம்பிக்கை இழந்துவிடுவார். மயிலாடுதுறை என்ற பெயரே 1982-இல்தான் அதிகாரபூர்வமானது; அதற்கு முன் மாயூரம், பேச்சில் மாயவரம்.

காரைக்காலைத் தனியாகக் கவனியுங்கள். அது புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. காவல் துறை வேறு, மதுக் கொள்கை வேறு. தமிழ்நாட்டு ஆய்வாளர் அங்கே போய் ஒருவரைக் கைது செய்ய வேண்டுமானால் உள்ளூர் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லும் காட்சி வேண்டும். இதைத் தடையாகப் பார்க்காதீர்கள். கதைக்குக் கிடைக்கும் நல்ல முடிச்சு இது.

திருவிழாக்களையும் இதே படியில் பார்த்துவிடுங்கள். கும்பகோணம் மகாமகம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவது; 2004, 2016, அடுத்து 2028. இடையில் ஓர் ஆண்டைப் போட்டுக் குளத்தில் பல லட்சம் பேரைக் கூட்ட முடியாது. ஆண்டுதோறும் வரும் மாசிமகம் வேறு. கூட்டத்தின் அளவும் வேறு.

3. தகவல்களைப் பிரித்தெடுத்து வரிசைப்படுத்துதல்

வரைவைப் பென்சிலோடு வாசித்து, உலகத்தைப் பற்றி எதையாவது உறுதியாகச் சொல்லும் ஒவ்வொரு வரியின் கீழும் கோடிடுங்கள். நோட்டில் ஏற்றியபின் நான்காவது பத்தியைப் பார்த்து இரண்டாகப் பிரியுங்கள். பொய்யானால் கதையே விழுந்துவிடும் தகவல்கள் ஒரு பக்கம், திருத்தினால் சரியாகிவிடும் தகவல்கள் இன்னொரு பக்கம்.

முதல் வகையை முதலில் சரிபாருங்கள். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பஸ் எண்ணையும் ஓட்டல் பெயரையும் சரிபார்த்து நேரத்தைச் செலவிட்டபின், கொலையே நடக்க முடியாத இடத்தில் நடந்திருப்பது தெரியவருகிறது.

4. ஆறு: அதிகப் பிழைகள் நடக்கும் இடம்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். நான் வாசித்த வரைவுகளில் பாதிக்கு மேற்பட்ட பெரும் பிழைகள் தண்ணீர் சம்பந்தப்பட்டவை.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 திறக்கப்பட்டு ஜனவரி 28 மூடப்படும். இது வழக்கம்தான், எல்லா ஆண்டுக்கும் பொருந்தாது. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள்; 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். எனவே உங்கள் கதையின் ஆண்டில் எந்த நாள் திறந்தார்கள் என்று நாளிதழில் பாருங்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று, நான்கு நாட்கள் ஆகும். கடைமடைக்கு, அதாவது வாய்க்கால் முடியும் கடைசி ஊர்களுக்குப் போக இன்னும் நாளாகும். ‘காலையில் அணை திறந்தார்கள், மாலையில் திருவாரூரில் வெள்ளம்’ என்ற வரியை அடித்துவிடுங்கள்.

எந்த ஆறு என்பது அடுத்த கேள்வி. திருச்சியை அடுத்த முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றுக்குத் தண்ணீர் பங்கிடப்படுகிறது. மிகுதி கொள்ளிடத்துக்குப் போகும். பெருவெள்ளத்தைச் சுமப்பது கொள்ளிடம். காவிரியோ கிழக்கே போகப் போகக் கிளைகளுக்குத் தண்ணீரைக் கொடுத்துக் குறுகிக்கொண்டே போகும். ‘அகண்ட காவிரி’ என்பது முக்கொம்புக்கு மேற்கே, குளித்தலைப் பக்கம். கும்பகோணத்துக் காவிரியை அகண்ட காவிரி என்று எழுதினால் அங்கே குளித்து வளர்ந்தவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

கொள்ளிடப் பாலத்திலிருந்து உடலைத் தள்ளிவிடும் காட்சி பலருக்கும் பிடித்தமானது. வெள்ளக் காலம் தவிர மற்ற மாதங்களில் கொள்ளிடம் பெரும்பாலும் மணல்தான்; நீரோட்டம் ஓர் ஓரமாக மெலிந்து கிடக்கும். ஏப்ரலில் தள்ளிய உடல் மணலில் விழுந்து, விடிந்ததும் மாடு மேய்ப்பவர் கண்ணில் படும். கொலையாளி உள்ளூர்க்காரர் என்றால் இது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

ஆற்றில் தண்ணீர் ஓடும் காலமாக இருந்தாலும் உடல் நேரே கடலுக்குப் போய்விடாது. வழியில் நீரொழுங்கிகள் உண்டு, ஷட்டர்கள் உண்டு. ஆகாயத்தாமரையோடு சேர்ந்து உடல் அங்கே ஒதுங்கும். ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர்தான் பெரும்பாலும் முதலில் பார்ப்பார். உங்கள் நாவலில் அவருக்கு ஒரு பக்கமாவது கொடுங்கள். கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே இருக்கிறது. அரசலாறு காரைக்காலில் கடலைச் சேர்கிறது. எந்த ஆற்றில் போட்டார்கள் என்பதைப் பொறுத்து வழக்கு எந்தக் காவல் துறையிடம் போகும் என்பதே மாறலாம்.

அணையை வைத்துச் சதி செய்யும் கதை என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). விநாடிக்கு 2 லட்சம் கன அடி வீதம் திறந்துவிட்டால் ஒரு நாளில் வெளியேறுவது சுமார் 17 டி.எம்.சி. நீர் வரத்தே இல்லாவிட்டாலும் அணை காலியாக ஐந்து நாளுக்கு மேல் ஆகும். ஒரே இரவில் அணையைக் காலி செய்யும் வில்லனை வாசகர் நம்ப மாட்டார். ஷட்டர்கள் உடைவது நடக்கக்கூடியது. 2018 ஆகஸ்ட் 22 இரவில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் பழைய மேலணையில் 9 ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. அந்த நாட்களின் செய்திகளை வாசித்தால், உடைப்புக்குப் பின் அலுவலர்கள் எப்படி ஓடினார்கள், மணல் மூட்டை எப்படி வந்தது என்பதெல்லாம் கிடைக்கும்.

வயலையும் ஆற்றோடு சேர்த்தே சரிபாருங்கள். குறுவை ஜூனில் தொடங்கிச் செப்டம்பர், அக்டோபரில் அறுவடைக்கு வரும். சம்பாவும் தாளடியும் பொங்கலை ஒட்டியும் அதற்குப் பிறகும் அறுவடையாகும். மே மாதத்தில் ஆழ்துளைக் கிணறு இல்லாத கடைமடை ஊரில் ‘ஆளுயரப் பயிருக்குள் ஒளிந்தான்’ என்றால் பொருந்தாது. இன்றைய சம்பா ரகங்களிலும் நெல் பெரும்பாலும் இடுப்பளவுதான். ஒளிகிறவன் குனிந்தாக வேண்டும்.

5. காவல் நிலையமும் நீதிமன்றமும்

2024 ஜூலை 1 அன்று குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறின. அன்று முதல் நடக்கும் கொலை, பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவில் பதிவாகும். அதற்கு முன் நடந்தது என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 302. புதிய சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் பேசுவது பற்றியது. இன்றைய கதையில் ஆய்வாளர் ‘302 போடுங்கள்’ என்று கத்தினால் பொருள் கெட்டுவிடும். சந்தேக மரணத்துக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 போய், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194 வந்துவிட்டது. குற்றம் நடந்த தேதியை இரண்டாம் படியிலேயே எழுதிவிட்டதால் இதை இப்போது சில நிமிடங்களில் முடித்துவிடலாம்.

பதவிகளில் கவனம் வேண்டும். திருச்சி மாநகரத்துக்குக் காவல் ஆணையர் உண்டு. தஞ்சாவூருக்குக் கிடையாது, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்தான், அவருக்கு மேல் தஞ்சாவூர் சரகத் துணைத் தலைவர் (டி.ஐ.ஜி.). கொலை வழக்கை வழக்கமாக விசாரிப்பவர் ஆய்வாளர். பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்தால் துணைக் கண்காணிப்பாளர் விசாரிக்க வேண்டும். திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை வரும். இந்த மூன்றையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை.

கிராம நிர்வாக அலுவலரை மறக்காதீர்கள். அடையாளம் தெரியாத உடல் கிடைத்தால் பல வழக்குகளில் புகார் கொடுப்பவர் அவர்தான். கைதின்போதும் பொருட்களைக் கைப்பற்றும்போதும் சாட்சியாக நிற்பவரும் அவர். நகரத்தில் இருந்து எழுதுகிறவர்கள் இவரைக் கதையிலேயே சேர்ப்பதில்லை.

கடைசி அத்தியாயத்தில் கொலையாளி காவல் நிலையத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதோடு கதையை முடித்திருந்தால் மறுபடி யோசியுங்கள். காவல் அலுவலரிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அதன் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டித்தந்த பகுதி மட்டும் ஏற்கப்படும். ஆகவே புதைத்த அரிவாளைத் தோண்டி எடுக்கும் காட்சி வாக்குமூலத்தைவிட வலுவானது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். மூன்று நாள் லாட்ஜில் வைத்து விசாரிக்கும் ஆய்வாளரை எழுதலாம். அது சட்டமீறல் என்பது கதைக்குள் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

மேல்முறையீட்டில் அழகான ஒரு நுணுக்கம் இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்ட வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். அந்தக் கிளை 2004-இல் தொடங்கியது. திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்ட வழக்குகள் சென்னைக்குப் போகும். சில கிலோமீட்டர் தள்ளி நடந்த கொலைக்கு வழக்கறிஞர் வேறு ஊருக்கு ரயில் ஏற வேண்டியிருக்கும்.

மத்தியப் புலனாய்வுத் துறையை நினைத்த மாத்திரத்தில் அழைத்துவர முடியாது. தமிழ்நாடு அரசு 2023 ஜூனில் பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்றுவிட்டது. வழக்குவாரியாக மாநில அரசின் ஒப்புதலோ நீதிமன்ற உத்தரவோ வேண்டும்.

6. உடலும் தடயமும்

மரணம் நேர்ந்த நேரத்தை உடல் சூட்டை வைத்து நிமிடக் கணக்கில் சொல்லும் மருத்துவரை நீக்குங்கள். சுற்றுப்புறம் குளிர்ச்சியாக இருந்தால்தான் உடல் சீராகக் குளிரும். டெல்டாவின் மே மாதப் பகலில் காற்றின் வெப்பமே உடல் வெப்பத்தைத் தொடும். உடல் குளிரவே குளிராது. விறைப்பு சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும், அழுகல் விரையும். மருத்துவர் சில மணி நேர இடைவெளி ஒன்றைத்தான் சொல்வார். அந்த இடைவெளிக்குள் உங்கள் கதாபாத்திரங்களின் சாட்சியம் மோதட்டும்.

இரவோடு இரவாக உடற்கூராய்வு நடத்துவதும் சிக்கல். 2021 நவம்பரில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் இரவு உடற்கூராய்வை அனுமதித்தபோது கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றை விலக்கியே வைத்தது. சட்டம் ஒழுங்குச் சிக்கல் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. உங்கள் கதையில் வருவது விலக்கப்பட்ட அந்த வகைதானே.

ரிவால்வரால் சுட்ட இடத்தில் காலித் தோட்டா சிதறிக் கிடக்காது, அது உருளைக்குள்ளேயே இருக்கும். கைக்குட்டையில் தெளித்த குளோரோபார்ம் நொடியில் ஒருவரை வீழ்த்தாது. விஷம் பற்றி எழுதும்போது அளவும் கிடைக்கும் இடமும் தேவையே இல்லை. அறிகுறியும் கண்டுபிடித்த விதமும் போதும்.

செல்போன் கோபுரம் ஆளை வாசற்படி வரை காட்டிக்கொடுக்காது. வயல்வெளியில் ஒரு கோபுரம் பல கிலோமீட்டருக்குப் பொறுப்பு. ‘நீடாமங்கலம் பக்கம் இருந்திருக்கிறான்’ என்பது வரை நம்பலாம்.

7. கோயில், சிலை, புதையல்

சிலைக் கடத்தல் இல்லாத டெல்டா த்ரில்லர் அரிது. முதலில் எடையைப் பாருங்கள். சோழர் காலத் திருமேனிகள் உள்ளீடற்றவை அல்ல, கெட்டியாக வார்க்கப்பட்டவை. செம்பு மிகுந்த அந்தக் கலவை, ஒரு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் எட்டு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. ஆளுயரத்தில் பாதி உள்ள நடராசரை ஒருவன் தோளில் போட்டுக்கொண்டு மதில் ஏறிக் குதிக்க முடியாது. ஐம்பொன்னில் தங்கம் மிகுதி என்று எண்ணி உருக்கி விற்கும் திருடனும் பொருந்தாதவன். அதன் விலை அதன் பழமையிலும் கலையிலும் இருக்கிறது.

திருமேனி எங்கே இருக்கும் என்பதும் முக்கியம். பாதுகாப்பில்லாத பல கிராமக் கோயில்களின் உலோகத் திருமேனிகள் திருவாரூர் போன்ற இடங்களில் உள்ள பாதுகாப்பு மையங்களில் வைக்கப்பட்டு, விழாவுக்கு மட்டும் ஊருக்கு வருகின்றன. திருட்டு எங்கே நடக்க வேண்டும் என்பதை இது மாற்றிவிடும். போகும் வழியிலா, மையத்திலா, விழா இரவிலா என்று முடிவு செய்யுங்கள். வழக்கு சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்குப் போகும். கும்பகோணத்தில் இதற்கான நீதிமன்றம் இருக்கிறது.

உண்மை வழக்குகளை வாசித்துவிட்டு எழுதுங்கள். திருவாரூர் மாவட்டம் பத்தூரில் 1976-இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசர் லண்டன் வரை போய், அங்கே வழக்கு நடந்து, 1991-இல் திரும்பினார். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014-இல் திரும்பினார். திருமேனிகளை அடையாளம் காட்ட உதவியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள். அந்தப் படங்களைத் தேடி ஒரு பாத்திரம் புதுச்சேரிக்குப் போவது, ரகசிய உளவாளியைவிட நம்பத்தக்க திருப்பம்.

சுரங்கப்பாதை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. டெல்டா முழுக்க வண்டல். பாறை மேற்கேயும் தெற்கேயும், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம்தான். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் மண்ணில் தஞ்சையிலிருந்து கும்பகோணம் வரை நாற்பது கிலோமீட்டர் சுரங்கம் ஆயிரம் ஆண்டு நிற்காது. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதும் தவறு; விழும், போய்ப் பார்க்கலாம். அந்த நம்பிக்கையின் மேல் புதிரைக் கட்டாதீர்கள்.

சோழர் காலப் பனையோலையில் புதையல் குறிப்பு கிடைக்காது. நம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஓலை சில நூற்றாண்டுகள் தாங்கினாலே அதிகம். படியெடுத்துப் படியெடுத்துத்தான் நூல்கள் பிழைத்தன. செப்பேடு அல்லது கல்வெட்டு என்று மாற்றுங்கள். அதையும் கதாநாயகி பார்த்தவுடன் வாசித்துவிடக் கூடாது. எழுத்துருக்கள் வேறு, புள்ளி பெரும்பாலும் இராது, இடையில் வடமொழியை எழுதும் கிரந்த எழுத்து வரும். பயிற்சி உள்ள ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும். புதையல் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

8. தூரமும் பயணமும்

இது விரைவாக முடியும் வேலை. சென்னை–திருச்சி ரயில்களில் அரியலூர் வழியாகப் போகும் குறுக்குப்பாதை வண்டிகள் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ வருவதில்லை. மயிலாடுதுறை வழிதான் பிரதான பாதை. மயிலாடுதுறை–விழுப்புரம் பாதை அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டு 2010-இல் திறந்தது, அந்தக் காலக் கதை என்றால் கவனியுங்கள். சாலைத் துரத்தல் அறுவடைக் காலத்தில் வந்தால் சாலையில் பாதியை அடைத்து நெல் காய்ந்துகொண்டிருக்கும், எதிரே அறுவடை இயந்திரம் வரும்.

நாகை, வேதாரண்யம் கடற்கரையில் ஏற்ற இறக்கத்துக்கு இடையிலான உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ‘கடல் உள்வாங்கியதும் பாதை தெரிந்தது’ என்ற காட்சிக்கு அங்கே இடமில்லை.

9. அறிந்தவர்களிடம் கேட்பது

நோட்டில் மூன்றாம் பத்தி காலியாக உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். நூலிலும் நாளிதழிலும் கிடைப்பதை ஓர் ஓய்வுபெற்ற ஆய்வாளரிடம் கேட்டால் அவர் நேரம் வீணாகும், அடுத்த முறை பேச மாட்டார்.

‘இப்படி நடக்குமா?’ என்று கேட்காதீர்கள். யாரும் ‘நடக்கலாம்’ என்றுதான் சொல்வார்கள். ‘இந்த நிலைமை வந்தால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? அப்புறம்?’ என்று கேளுங்கள். யாருக்குப் போன் போகும், எந்தப் பதிவேட்டில் எழுதுவார்கள், தேநீர் எப்போது வரும் என்பதெல்லாம் அப்போதுதான் வெளிவரும்.

காவலரிடம் ஆற்றைப் பற்றியும், வழக்கறிஞரிடம் உடற்கூராய்வைப் பற்றியும் கேட்காதீர்கள். ஆற்றுக்கு லஸ்கரும் விவசாயியும், கோயில் இரவுக்கு மெய்க்காவலரும், வார்ப்புக்குச் சுவாமிமலை ஸ்தபதியும் இருக்கிறார்கள். உதவியவர்களின் பெயரை அவர்கள் ஒப்புதல் இல்லாமல் நன்றியுரையில் கூடப் போடக் கூடாது. பணியில் இருப்பவருக்கு அது தொல்லையாகலாம்.

10. திருத்தும் முறை

தகவலும் கதையும் மோதினால் முதலில் தேதியை நகர்த்திப் பாருங்கள். ஏப்ரலை ஆகஸ்டாக மாற்றினாலே ஆற்றில் தண்ணீர் வந்துவிடும். ஆனால் மாற்றியபின் இரண்டாம் படியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். தேதி நகராவிட்டால் இடத்தை மாற்றுங்கள். அதுவும் முடியாவிட்டால் நிகழ்ச்சியை மாற்றுங்கள். மூன்று பக்க விளக்கம் எழுதிச் சமாளிப்பதை மட்டும் செய்யாதீர்கள். விளக்கம் நீண்டால் பிழை இருக்கும் இடத்தை நீங்களே காட்டிக்கொடுத்ததாகும்.

கதைக்கு அவசியமான ஒரு பெரிய கற்பனையை வைத்துக்கொள்ளலாம். அதைச் சுற்றியுள்ளவை சரியாக இருந்தால் வாசகர் அதை ஏற்பார். கற்பனை ஊரோ கற்பனைக் கோயிலோ வேண்டுமென்றால் அதை எந்த ஆற்றின் எந்தக் கரையில், எந்த இரண்டு உண்மை ஊர்களுக்கு நடுவில் வைக்கிறீர்கள் என்று வரைபடத்தில் குறியுங்கள்.

சேகரித்த தகவல்களில் பெரும்பகுதி நாவலுக்குள் வராது, வரவும் கூடாது. டி.எம்.சி. கணக்கை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்.

மெய்ப்புத் திருத்தம் வரும்போது நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி, பிரிவு எண், பதவிப் பெயர், ஆற்றின் பெயர் ஆகிய நான்கையும் மட்டும் தனியாக ஒருமுறை வாசியுங்கள். பதிப்பாசிரியர் ‘சரிசெய்யும்’போது வெட்டாறு வெண்ணாறாக மாறுவது இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. மாறியிருந்தால் அச்சுக்குப் போகுமுன் நோட்டின் மூன்றாம் பத்தியைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.